பயோட்டின் மாத்திரை: நகத்துக்குக் கொஞ்சம் லாபம், ரத்தப் பரிசோதனைக்குப் பெரிய தொல்லை

"முடி, தோல், நகம்" என்று போட்டு விற்கும் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரைகளை நோய்நொடி இல்லாதவர் வாங்கினால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. தைராய்டு, சிறுநீரகம், இதயம் என்று ஏதோ ஒன்றுக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் மட்டும் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

பெரும்பாலான டப்பாக்களில் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் இருக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராமே போதும். 5,000 மைக்ரோகிராம் மாத்திரையின் லேபிளில் பொடி எழுத்தில் அன்றாடத் தேவையில் 16,667% என்று இருப்பது அச்சுப்பிழை இல்லை. உடையும் நகத்துக்குப் பலன் தெரிந்ததாகச் சொல்லும் ஆய்வுகளில் கொடுத்தது 2.5 மில்லிகிராம், அதாவது 2,500 மைக்ரோகிராம். அவையும் சிறிய ஆய்வுகள். (குதிரைக் குளம்புக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் மனித நகத்துக்கே வந்தார்கள்.) 10,000 என்ற எண் நகத்துக்காக அல்ல, விற்பனைக்காக.

நுனி ஏடு ஏடாகப் பிரிந்து, துணியில் மாட்டி இழுக்கும் நகத்துக்கு இது ஓரளவு உதவலாம். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகமும் புதிதாக வர ஆறு மாதம் ஆகும். ஒரே மாதத்தில் பலன் தெரிந்தது என்று எழுதப்படும் மதிப்புரைகளை நம்ப வேண்டாம்.

நாள்பட்ட நோயில் வரும் மற்ற நகமாற்றங்களில் பயோட்டினுக்கு வேலை இல்லை. நகம் நடுவில் குழிந்து கரண்டி போல இருந்தால் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. நகத்தின் அடிப்பாதி வெளுத்து, நுனிப்பாதி பழுப்பேறியிருப்பது சிறுநீரக நோயில் வரும். நிறம் மாறுவது நகத்துக்கு அடியிலுள்ள சதையில். குறுக்கே இரட்டை வெள்ளைக் கோடுகள் தெரிந்து, அழுத்தினால் மறைந்தால் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்திருக்கலாம். அது ஏறினால் கோடும் போகும். இரண்டு கை ஆள்காட்டி விரல்களின் நகங்களை முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பிடித்தால் நடுவே சின்ன வைர வடிவ இடைவெளி தெரிய வேண்டும். அது இல்லாமல் விரல்நுனி உருண்டிருந்தால் நுரையீரலையும் இதயத்தையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் போக வேண்டும், மருந்துக்கடைக்கு அல்ல.

பெரிய சிக்கல் ஆய்வகத்தில். பல ஹார்மோன் பரிசோதனைகள் பயோட்டின் ஒட்டிக்கொள்ளும் தன்மையை வைத்தே இயங்குகின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால், அப்படிப்பட்ட கருவிகளில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறைந்தும் டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) பொய்யாகக் கூடியும் வரும். தைராய்டு அதிகமாகச் சுரப்பதாகவே காகிதம் சொல்லும். அதை நம்பித் தைராய்டு மருந்தைக் குறைத்துவிடுவார்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கு பி.டி.எச். (கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்) குறைவாகக் காட்டலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் பொய்யாகக் குறைவாகக் காட்டலாம். இதைப் பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் எச்சரித்தது, உயிரிழப்பு ஒன்றையும் குறிப்பிட்டது. சில நிறுவனங்கள் பரிசோதனை முறையை மாற்றிவிட்டன. உங்கள் ஆய்வகத்தில் எந்த முறை என்று கேட்டால்தான் தெரியும்.

தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும். பயோட்டின் சிறுநீர் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது போதாது. எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்குப் போனால் இந்த மாத்திரை எடுப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "வைட்டமின்தானே" என்று பலரும் மருந்துப் பட்டியலில் இதைச் சேர்ப்பதே இல்லை.

கலவை மாத்திரைகள் இன்னும் மோசம். சிலவற்றில் செலினியம் என்ற தாதுச்சத்தைச் சேர்க்கிறார்கள். அது மிகையானால் நகம் உடையும், கழன்றும் விழும். வைட்டமின் ஏ இருந்தால் சிறுநீரக நோயாளிகள் தொடவே வேண்டாம், உடலில் தேங்கும். மென்று தின்னும் மிட்டாய் (gummy) வடிவில் வருபவற்றில் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும்.

வாங்கியே தீருவதென்றால் பயோட்டின் மட்டும் உள்ள, 2.5 மில்லிகிராம் மாத்திரை போதும், மருத்துவருக்குத் தெரிந்தே. அதோடு, பாத்திரம் கழுவும்போது பஞ்சு உள்ளுறைக்கு மேல் ரப்பர் உறை போடுங்கள். இரவில் கையைச் சில நிமிடம் நீரில் வைத்து, ஒற்றித் துடைத்த கையோடு பெட்ரோலியம் ஜெல்லியை நகத்திலும் நகக்கண்ணிலும் தேயுங்கள். இதற்குப் பரிசோதனையை ஒத்திப்போட வேண்டியதில்லை.