வைக்கம் பெரியார் நினைவகம்: போனால் தெருவையும் நடந்து பாருங்கள்

ஈரோட்டில் 30 வருடம் கோர்ட் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பி.சி.ஆர்., அதாவது தீண்டாமைக் குற்றச் சட்ட, கேஸ் கட்டுகளைத் தூக்கித் தூக்கியே தோள் இறங்கிவிட்டது. அந்தச் சட்டம் பிறப்பதற்கு 31 வருடம் முன்பே தீண்டாமையை எதிர்த்துச் சண்டை போட்ட கேரளத்து வைக்கத்தைப் போன மாதம்தான் பார்த்தேன்.

எர்ணாகுளத்தில் பிடித்த வாடகை காரின் டிரைவர், வைக்கம் என்றதும் மகாதேவர் கோயில் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நினைவகம் இருப்பது வலிய கவலா என்ற சந்திப்பில். திட்டிக்கொண்டேதான் நடந்தேன், ஆனால் அந்த நடைதான் நல்லதாயிற்று. 1924-ல் போராட்டம் கோயிலுக்குள் போவதற்கு இல்லை, கோயிலைச் சுற்றிய இந்தத் தெருவில் நடப்பதற்கு! நாயும் மாடும் போகலாம், ஈழவரும் புலையரும் கூடாது. மார்ச் 30-ல் குஞ்ஞப்பி, பாகுலேயன், கோவிந்த பணிக்கர் மூவரும் நடந்துபோய்க் கைதானார்கள். தலைவர்களையும் உள்ளே போட்ட பிறகு வந்த கடிதத்தைப் பார்த்து, ஏப்ரல் 13-ல் எங்கள் ஊர்க்காரர் பெரியார் வந்து சேர்ந்தார். அவருக்கு இரண்டு முறை ஜெயில். அவர் மனைவி நாகம்மையாரும் வந்து களத்தில் நின்றார்.

நினைவகத்தைத் தமிழக அரசு 8 கோடிக்கு மேல் செலவழித்துப் புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்தது. உட்கார்ந்திருக்கும் பெரியார் சிலை, பழைய படங்கள், நூலகம். ஒன்றரை மணி நேரம் போதும். படிக்கிறவர் என்றால் கூடுதலாக ஆகும்.

எனக்கு மனசை விட்டுப் போகாதது ஒரு கணக்கு. 1925-ல் தெருவைத் திறக்கச் சொல்லித் திருவிதாங்கூர் சட்டசபையில் வந்த தீர்மானம் 21-க்கு 22 என்று ஒரே ஓட்டில் தோற்றது. அந்த வருடக் கடைசியில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு மட்டும் இல்லை. கோயில் கதவு திறக்க 1936 ஆயிற்று. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-ல். அதுவே 1976-ல் இன்னும் கடுமையாகி, நான் சுமந்த பி.சி.ஆர். என்ற பெயரைப் பெற்றது.

அப்புறம், இண்டம்துருத்தி மனை என்ற நம்பூதிரி வீட்டை விட்டுவிடாதீர்கள். காந்தி பேச வந்தபோது நம்பூதிரி அவரை வீட்டுக்குள் சேர்க்காமல் வெளியே உட்காரவைத்த இடம். இன்று அது கள்ளிறக்கும் தொழிலாளர் சங்க அலுவலகம். வாசலில் நாலைந்து ஜோடி செருப்பு கிடந்தது. என்னுடையதையும் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, நான் பாட்டுக்கு உள்ளே போனேன். ஒருவரும் எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்கவில்லை.