ஐந்து ஈடும் ஒரே ஈடாக: 45 குழி இட்லிக் கொப்பரை

நாங்கள் ஒன்பது பேர். ஐந்து பெண்கள், நான்கு ஆண்கள், நான் ஆறாவது. அப்பா, அம்மா, அப்பாயி ஆகியோரையும் சேர்த்தால் பன்னிரண்டு இலை விழும் வீடு. சென்ற ஆனி மாதம் கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் நான் வாங்கிய 45 குழி எவர்சில்வர் இட்லிக் கொப்பரையை ஒரு கல்யாணச் சமையற்காரர் வேறு விதமாக எடை போடுவார் என்பதால், இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இட்லி அன்றாடப் பலகாரம் அன்று. மற்ற நாட்களில் பழையசோறுதான். தீபாவளி, பொங்கல், விருந்தாளி வந்த நாள் என்று ஏதாவது ஒரு காரணம் வேண்டும். அம்மாவிடம் இருந்தது ஈயம் பூசிய பித்தளைக் கொப்பரை. துணி விரித்த இரண்டு தட்டுகள், தட்டுக்கு ஏழு குழி, ஆக ஒரு ஈட்டுக்குப் பதினான்கு இட்லி. எல்லோரும் சாப்பிட்டு முடிய ஐந்து ஈடு ஆகும். முதல் ஈடு அப்பாவுக்கும் அப்பாயிக்கும். இரண்டாவது, பேருந்தைப் பிடிக்க வேண்டிய அண்ணன்களுக்கு. மூன்றாவதும் நான்காவதும் எங்களைப் போன்ற பொடிசுகளுக்கு. ஐந்தாவது ஈடு அம்மாவுக்கும், அடுப்படியிலேயே நின்ற பெரியக்காவுக்கும். அதற்குள் மாவு அடியில் வந்திருக்கும். சட்டியைத் தண்ணீர் விட்டு வழித்து ஊற்றிய அந்தக் கடைசி இட்லிகள் தட்டையாக, நடுவில் குழிந்து போயிருக்கும். எந்த ஈட்டில் ஒருவருக்கு இட்லி கிடைக்கிறது என்பதிலிருந்தே அந்த வீட்டில் அவருடைய இடத்தைச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு ஐம்பது வயதுக்குப் பிறகுதான் உறைத்தது.

அம்மாவின் ஆண்டுத் திதிக்கு உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக முப்பது பேருக்கு மேல் வருவார்கள் என்பதால்தான் பெரிய கொப்பரை தேடிப் போனேன். கடையில் முன்வரிசையில் இருந்தவை எல்லாம் 12, 16 குழி உள்ளவை. 45 குழி என்றதும், "கேன்டீனுக்கா சார்?" என்று கேட்டுவிட்டு, கிடங்கிலிருந்து தூசி தட்டிக் கொண்டுவந்தார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான், அந்த எண்ணுக்கு 16 குழியே தாராளம். (எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்து "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று எழுதியபோது எங்கள் வீட்டில் ஏற்கெனவே எட்டுப் பேர் பிறந்தாகிவிட்டது.)

ஐந்து தட்டுகள், தட்டுக்கு ஒன்பது குழி, எடை ஆறு கிலோவுக்குச் சற்று மேல். நல்ல எஃகு என்பதற்கு அத்தாட்சியாகக் கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ள 304 தரமும் காந்தத்தில் ஒட்டாது; நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 200 வரிசை எஃகும் பெரும்பாலும் ஒட்டாது. பாத்திரத்தில் தர முத்திரை எதுவும் இல்லாதது எனக்கு மனக்குறைதான். காந்தம் ஒட்டாத அடிப்பாகம் என்பதால் இண்டக்‌ஷன் அடுப்பிலும் இது வேலை செய்யாது.

வேகும் விதத்தில் எனக்குக் குறையில்லை. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைத்த மாவு 45 குழிக்குச் சரியாக வந்தது. மூன்று லிட்டர் தண்ணீர் கொதிக்கவே கால் மணி நேரத்துக்கு மேலாகிறது. அதன்பின் தட்டுகளை இறக்கினால் பதினெட்டு நிமிடம். மூடி குவிந்திருப்பதால் ஆவி நீர் ஓரமாக வழிந்துவிடுகிறது. தட்டை மூடிகளைப் போல மேல்தட்டு இட்லியின் தலையில் சொட்டி அதைக் கொழகொழவென்று ஆக்குவதில்லை. தட்டுகளை மட்டும் சற்றுத் திருப்பி அடுக்க வேண்டும். குழிக்கு நேர்மேலே குழி வந்தால் உப்பி எழும் இட்லி மேல்தட்டில் ஒட்டிக்கொள்ளும். துணி விரிக்க வழியில்லாததால் எண்ணெய் தடவ வேண்டியிருக்கிறது. துணியில் எடுத்த இட்லியின் மேனி இதில் வராது.

திதிக்கு மறுநாள் காலை முதல் ஈட்டிலேயே நாங்கள் எட்டுப் பேரும் (இரண்டாவது அண்ணன் இப்போது இல்லை) ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். எழுபத்து மூன்று வயதுப் பெரியக்கா வழக்கம்போல் அடுப்படியில் நின்றவர், மருமகள் கையைப் பிடித்து உட்கார வைத்ததும் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, "அடுத்த ஈடு பார்க்கணும்" என்று எழுந்துவிட்டார். எல்லாருக்கும் ஆகிவிட்டது என்று சொல்லியும், மூடியைத் திறந்து பார்த்த பிறகுதான் திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்த ஒரு காட்சிக்காகவே நான் கொடுத்த 4,350 ரூபாய் எனக்கு உறுத்தவில்லை.

மற்றபடி, இது எல்லோருக்குமான பொருள் அன்று. தண்ணீரும் மாவும் சேர்ந்து பன்னிரண்டு கிலோவை எட்டிவிடுவதால் தனி ஆளாக இறக்கக் கூடாது. வீட்டு அடுப்பின் சிறிய பர்னரில் தீ அடிப்பாகத்தின் நடுவோடு நின்றுவிடுகிறது. மூன்று கல் வைத்துக் கொல்லையில் விறகடுப்பு மூட்டியபோதுதான் ஆவி சீராக வந்தது. அலமாரி எதிலும் நுழையாமல் என் வீட்டில் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. பன்னிரண்டு பேருக்குள் என்றால் இரண்டு 16 குழிப் பாத்திரங்களை இரண்டு அடுப்பில் வைப்பதே மேல்.

விலை பேசி முடித்ததும் என்ன பெயர் வெட்ட வேண்டும் என்று கேட்டார்கள். பெயர் வெட்டாத பாத்திரத்தால் எங்கள் வீட்டில் பாகப்பிரிவினையின்போது நடந்த சண்டைகளை நினைத்து, என் பெயரை விட்டுவிட்டு அம்மாவின் பெயரை வெட்டச் சொன்னேன். கொப்பரை இப்போது சின்னத்தங்கை வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்குள் வந்துவிடும் என்கிறாள்.