எம் 33 படத்தை ப்ராசஸ் செய்யக் கொடுத்து ஏமாந்தேன்: ரா ஃபைல் அனுப்பும் முன் படித்துவிடுங்கள்

எம் 33, அதாவது முக்கோண விண்மீன் திரளை, நிலவில்லாத நாலு இரவுகளில் எடுத்தேன். தலா 180 விநாடியில் மொத்தம் 120 ஃபிரேம், ஆறு மணி நேர ஒளி. 120 ஃபிரேமை ஸ்டாக் செய்தால், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், ஒற்றை ஃபிரேமைவிட சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் (படத்தில் வரும் இரைச்சலுக்கும்) உள்ள விகிதம் ஏறக்குறைய 11 மடங்கு உயரும். அந்த 11 மடங்குக்காகத்தான் அத்தனை இரவு கண்விழித்தேன்.

ஸ்டாக்கிங் எனக்குப் புதிது. நானே செய்து பார்த்தபோது பின்னணி ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் பழுப்பாகவும் வந்தது. பொறுமை போய்விட்டது. பணம் வாங்கிக்கொண்டு ப்ராசஸ் செய்து தரும் ஒருவருடைய மாதிரிப் படங்களைப் பார்த்து மயங்கி, முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினேன்.

"லைட் ஃபிரேம் மட்டும் அனுப்புங்கள், டார்க், ஃப்ளாட் எதுவும் வேண்டாம்" என்றார். லைட் என்பது வானத்தை எடுத்த ஃபிரேம், டார்க் என்பது மூடி போட்டு எடுப்பது, ஃப்ளாட் என்பது சீரான வெளிச்சத்தை எடுப்பது. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். சென்சாரின் சூட்டுப் புள்ளிகளை டார்க் இல்லாமல் ஒழுங்காகக் கழிக்க முடியாது. ஓரத்து இருட்டையும் தூசி நிழலையும் சரிசெய்வது ஃப்ளாட்தான். சிரமப்பட்டு எடுத்து வைத்திருந்தேன், அவர் கேட்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு ஜேபெக் வந்தது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். மூன்றாம் நாள்தான் நிதானமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

திரளைச் சுற்றியிருந்த பிரகாசமான நட்சத்திரங்களில் சிலுவை மாதிரி நான்கு கதிர்கள். என்னுடையது லென்ஸ் டெலஸ்கோப். நியூட்டோனியன் என்ற கண்ணாடி டெலஸ்கோப் வகையில் இரண்டாம் கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளால் வரும் கதிர்கள் அவை, லென்ஸில் வராது. அழகுக்காக மென்பொருளில் சேர்த்திருப்பாரோ என்றும் நினைத்தேன். ஆனால் படத்தின் ஓரத்தில் இருந்த, அதே அளவு பிரகாசமான நட்சத்திரங்களில் கதிரே இல்லை. சேர்ப்பவர் நடுவில் மட்டும் ஏன் சேர்க்கப் போகிறார்?

அப்புறம் திரளின் விளிம்பை 400 சதவீதத்தில் ஓட்டிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் ஒரே நட்சத்திரம் இரண்டாக நின்றது, மூன்று பிக்சல் இடைவெளியில். ஒன்றுக்குக் கதிர் உண்டு, மற்றதற்கு இல்லை. என் ஒற்றை ஃபிரேமைத் திறந்தால் அங்கே ஒரு நட்சத்திரம்தான். வேறு யாரோ எடுத்த எம் 33-ஐ என் வானத்தின் நடுவில் ஒட்டியிருக்கிறார், ஒட்டு சரியாகப் பொருந்தவில்லை. கீழே வலது ஓரத்தில் என் தூசி வளையம் மங்கலாக அப்படியே இருந்தது. ஓரம் மட்டும்தான் என்னுடையது.

சந்தேகம் தீரக் கணக்கும் போட்டேன். குவியத்தூரம் 400 மி.மீ., பிக்சல் 3.76 மைக்ரான். 206.265-ஐப் பிக்சல் அளவால் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சலுக்கு 1.94 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு). அந்தத் திரளில் உள்ள என்ஜிசி 604 என்ற பெரிய வாயு மேகம் என் சென்சாரில் ஏறக்குறைய 60 பிக்சல் அகலம்தான் வரும். அவர் கொடுத்த படத்தில் அதற்குள் குகை குகையாக இழைகள் தெரிந்தன. அத்தனை நுணுக்கம் என் ஃபைலில் இருக்க வாய்ப்பே இல்லை.

ஸ்டாக் செய்து முடித்த மூலப் படத்தை, அதாவது வெளிச்சம் கூட்டி ஸ்ட்ரெட்ச் செய்யாத 32 பிட் ஃபிட்ஸ் மாஸ்டரைக் கேட்டேன். "அது எங்கள் உள்வேலை ஃபைல், தர மாட்டோம்" என்று பதில். ரெட்டை நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டிய பிறகு பதிலே இல்லை. பணமும் வரவில்லை.

எனக்குப் பணத்தைவிட இதுதான் ஆறவில்லை: அந்த நாலு இரவில் அங்கே ஒரு சூப்பர்நோவா வெடித்திருந்தால்கூட இந்தப் படத்தில் தெரிந்திருக்காது. ஏறக்குறைய 27 லட்சம் வருஷம் பயணம் செய்து என் சென்சாரில் விழுந்த ஒளியை அவர் தூக்கிப் போட்டுவிட்டார்.

கொடுக்கத்தான் வேண்டும் என்றால், ஃபிட்ஸ் மாஸ்டர் தருவேன் என்று எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிதான், அதை வைத்து முழுதாகச் சரிபார்க்க முடியாது. அதற்கும் முன்னால் சிரில் அல்லது டீப் ஸ்கை ஸ்டாக்கர் மென்பொருளில் சும்மாவாவது ஒரு ஸ்டாக் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுமே இலவசம். வந்த படத்தை அதன் மேல் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒட்டு தெரிந்துவிடும். மாதிரிப் படங்களை நம்பிப் போகாதீர்கள். இப்போது அவருடைய மாதிரிப் படங்களில் முதலாவதாக இருப்பது இந்த எம் 33தான். வாடிக்கையாளர் எடுத்த ஆறு மணி நேரப் படம் என்று கீழே எழுதியிருக்கிறார். நீக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன், இன்னும் நீக்கவில்லை.