பழைய உரைநடைக்கு ஆன்ட்காங்க்: ஒரு மெய்ப்பாளரின் மதிப்புரை

பழைய உரைநடை நூல்களை மறுபதிப்புக்குத் திருத்திக் கொடுப்பது என் வேலை. இதில் தீராத தலைவலி ஒன்று உண்டு. ஒரு தொடர் கொஞ்சம் விநோதமாக இருந்தால் அது ஆசிரியரின் நடையா, அச்சுக்கோத்தவரின் கைப்பிழையா? ஞாபகத்தை நம்பிப் பக்கம் புரட்டிய காலம் போய், இப்போது அதற்கு ஆன்ட்காங்க் என்ற மென்பொருளை வைத்திருக்கிறேன். ஜப்பானின் வாசெடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஆன்டனி உருவாக்கியது. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

இது செய்வது எளிமையான காரியம்தான். ஒரு சொல்லைக் கொடுத்தால், அது வரும் இடங்களையெல்லாம் வரிவரியாக அடுக்கிக் காட்டும். தேடிய சொல் எல்லா வரியிலும் நட்டநடுவில் ஒரே நேர்கோட்டில் நிற்கும்; முன்னும் பின்னும் வந்த சொற்கள் இரண்டு பக்கமும் இருக்கும். அடுக்கிப் பார்த்த பிறகுதான் ஒரு ஆசிரியருக்குள் எவ்வளவு பழக்கதோஷம் இருக்கிறது என்று தெரிகிறது.

ஓர் உதாரணம். ஒரு நூலில் ‘யாதொரு குறைவின்றி’ என்று இருந்தது. படிக்க உறுத்தவில்லை, ஆனால் ஏதோ குறைகிறது. ‘யாதொரு’ என்று தேடி, வலப்பக்கச் சொல்லை வைத்து வரிசைப்படுத்தினேன். யாதொரு தடையுமில்லை, யாதொரு பயமுமின்றி, யாதொரு மறுமொழியும் சொல்லாமல் என்று வரிகள் வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் ‘உம்’ இருக்கிறது, பின்னால் ஓர் எதிர்மறையும் இருக்கிறது. ‘உம்’ இல்லாதது அந்த ஒரே இடம். முந்தைய பதிப்பை எடுத்துப் பார்த்தால் ‘குறைவுமின்றி’ என்றே இருந்தது. சரி, தீர்ந்தது வழக்கு.

ஆனால் வலப்பக்க வரிசை தமிழுக்கு எப்போதும் உதவாது. நம் வாக்கியத்தின் முடிச்சு பெரும்பாலும் கடைசியில் விழுகிறது. ‘சந்தேகமில்லை’, ‘வேண்டுவதில்லை’ போன்ற முடிவுகளுக்கு வலப்பக்கம் பார்த்தால் அடுத்த வாக்கியத்தின் தொடக்கம்தான் கிடைக்கும். அங்கே இடப்பக்க வரிசைக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றினால், ஒருவர் ‘என்பதற்குச் சந்தேகமில்லை’ என்றே எழுதிக்கொண்டு போவதும் இன்னொருவர் ‘என்பதிற் சந்தேகமில்லை’ என்று எழுதுவதும் பளிச்சென்று பிரிந்து நிற்கும். எனக்கு இந்த ஒரு வசதிக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

என்-கிராம் பகுதியில் எதையும் தேடக்கூட வேண்டாம். இத்தனை சொற்கள் சேர்ந்து வரும் தொடர்கள் எவை என்று கேட்டால், அடிக்கடி வருவதை மேலே வைத்துப் பட்டியல் தரும். ஆங்கிலத்துக்கு நாலைந்து சொல் கேட்பார்கள். நமக்கு இரண்டே போதும், மிஞ்சினால் மூன்று. விகுதியும் வேற்றுமை உருபும் சொல்லோடேயே ஒட்டிக்கொள்வதால் இரண்டு சொல்லுக்குள் பாதி வாக்கியம் அடங்கிவிடுகிறது. பிளாட் என்று இன்னொரு பகுதி, ஒரு சொல் நூல் முழுவதும் எங்கெங்கே வருகிறது என்று பார்கோடு போலக் கோடு போட்டுக் காட்டும். ‘இஃதிப்படியிருக்க’ அத்தியாயத் தொடக்கங்களில் மட்டும் கோடு போடுவதை அதில் பார்க்கலாம். வேடிக்கைதான், எனக்கு அதற்கு மேல் பயன்படவில்லை.

இனி, தமிழில் பயன்படுத்தப்போகிறவர் கவனிக்க வேண்டியவை. நூலை ஏற்றும்போது எதைச் சொல் என்று கொள்வது எனத் தீர்மானிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதில் ‘மார்க்’ என்ற வகை சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யூனிகோடில் நம் புள்ளியும் கொம்பும் காலும் எழுத்து வகையில் இல்லை, அந்த வகையில்தான் இருக்கின்றன. அது சேராவிட்டால் ‘கண்ணீரும்’ என்பது கண, ண, ர, ம என்று நான்கு துண்டாகிவிடும். பட்டியலைப் பார்த்தால் நமக்கே கண்ணீர் வரும்.

அடுத்தது புணர்ச்சி. பழைய அச்சில் ‘வந்தானென்று’, ‘போகவேண்டுமென்று’ என்று சேர்த்தே கோத்திருப்பார்கள். மென்பொருளுக்கு அவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல். ‘என்று’ எனத் தேடினால் இவை அகப்படாது. எந்த எழுத்துகளுக்கும் பதிலாக நிற்கும் நட்சத்திரக் குறி போட்டு, எகரக் கொம்பில் தொடங்கும் வால்பகுதியை மட்டும் (*ென்று) கொடுத்துத் தேடினால் எல்லாம் வரும். கூடவே சென்று, வென்று, மென்று என்று சம்பந்தமில்லாத கூட்டமும் வரும். அதைக் கையால்தான் களைய வேண்டும். ‘என்பதில்’, ‘என்பதிற்’ இரண்டும் ஒன்று என்றும் அதற்குத் தெரியாது. கொடுத்த எழுத்தை அது அப்படியே எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கூகுளின் என்-கிராம் வியூவர் போதாதா என்று கேட்கலாம். 2010-இல் வந்த அதில், கூகுள் மின்வடிவாக்கிய நூல்களில் ஒரு தொடர் ஆண்டுவாரியாக ஏறி இறங்குவதைக் கோட்டுப்படமாகப் பார்க்கலாம். ஆனால் தமிழ்த் தொகுப்பு அதில் இல்லை. இருந்தாலும் என் வேலைக்கு ஆகாது. அது வாக்கியத்தைக் காட்டாது, அளவைத்தான் காட்டும்.

ஸ்கேன் படங்களாக மட்டும் நூல் வைத்திருப்பவருக்கு ஆன்ட்காங்க் பயன்படாது. தட்டச்சான உரை வேண்டும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் ஏற்றிய உரைகள் நல்ல ஆரம்பம். அவற்றிலுள்ள முன்னுரைக் குறிப்புகளையும் பக்க எண்களையும் நீக்கிவிட்டு, யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) உரைக்கோப்பாகச் சேமித்து ஏற்றுங்கள். அப்புறம், ஒரு நூலுக்கு ஒரு கோப்பு என்று வையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிட்டால் எந்தப் பழக்கம் எந்த ஆசிரியருடையது என்று பிரிக்க முடியாமல் போகும்.