பட்டியலா, அட்டையா, வாசிப்பா? உயர்நிலை ஆங்கிலச் சொல்வளத்துக்கு எது உதவும்

யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டில்களில் கைமாறுகிற 'கடினச் சொற்கள்' போட்டோக்கொப்பியில் எனக்கு நம்பிக்கையில்லை. யார், எதை வைத்துத் தொகுத்தார்கள் என்றே தெரியாது. பட்டியல்தான் வேண்டுமென்றால் சொல்வள ஆய்வாளர் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் இருக்கிறது. துறை எதுவானாலும் பல்கலைக்கழக நூல்களில் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) அதில் உள்ளன. ஆங்கில மொழிமூலத்தில் பட்டப்படிப்புக்குப் போகிற ஏ.எல். பிள்ளைக்கு இதைவிடச் சிக்கனமான தொடக்கம் இல்லை.

ஆனால் பட்டியலில் சொல் தனியாக நிற்கும். 'மிட்டிகேட்' என்றால் குறைத்தல் என்று பாடமாக்கியவர், அது 'ரிஸ்க்', 'இம்பாக்ட்' போன்றவற்றோடு சேரும் என்பதை அறியாமல் 'மிட்டிகேட் த ஹோம்வேர்க்' என்று எழுதிவைப்பார். ஐயெல்ட்ஸ் (IELTS) ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் எழுத்துப் பகுதியில் கால்வாசிப் புள்ளி சொல்வளத்துக்குத்தான். அங்கே சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்பதையும் பார்க்கிறார்கள்.

ஒருபக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதிப் புரட்டிப் பார்க்கிற அட்டைமுறை மறதியைக் கணக்கில் எடுக்கிறது. தெரிந்த சொல் நாள் தள்ளி வரும், தெரியாதது உடனே திரும்பும். இதற்கான அங்கி (Anki) என்ற செயலி கணினியிலும் அண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. போன் கையில் இருந்தால் படிப்பு ஓடாது என்கிறவர்களுக்குச் சப்பாத்துப் பெட்டியும் வெட்டிய அட்டைகளும் போதும். நாலு நாள் விட்டால் அட்டை குவியும், அப்போதுதான் பலர் கைவிடுகிறார்கள். இன்னொருவர் செய்த அட்டைக்கட்டைத் தரவிறக்கினால் அதுவும் பழைய பட்டியல்தான்.

வாசிப்பு மெதுவானது, ஒளிப்பதற்கில்லை. நாவலோ பத்திரிகையோ உதவியில்லாமல் வாசிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று சொல்வள ஆய்வாளர் போல் நேஷன் (Paul Nation) 2006இல் கணக்கிட்டார். நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்கவேண்டும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. 300 சொல்லுள்ள பக்கத்தில் ஆறுக்கு மேல் தெரியாவிட்டால் புத்தகத்தை மாற்றுங்கள். பொதுசன நூலகத்தில் கௌரவத்துக்காகத் தடித்த நாவலை எடுத்துவந்து பத்தாம் பக்கத்தில் மூடுவதைவிட, தெரிந்த விடயத்தைப் பற்றிய மெல்லிய புத்தகம் நல்லது. கிரிக்கெட் பிரியருக்கு ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கமே போதும், அங்கே வினைச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. சொல்லின் துணைச்சொற்களையும் தொனியையும் வாசிப்புப்போல வேறெதுவும் தராது.

சொல்லின் வேரைப் பிடிக்கும் வழியும் ஒன்றுண்டு. 'கார்டியோ' (இதயம்), 'நெஃப்ரோ' (சிறுநீரகம்), 'ஐட்டிஸ்' (அழற்சி) தெரிந்தால் மருத்துவபீடப் பிள்ளைக்குப் பாதிச் சுமை இறங்கும். மற்றவர்களுக்கு அவ்வளவு பயனில்லை.

ஒரு வருடம் கையில் இருந்தால் நான் வாசிப்பைத்தான் தெரிவேன். அதில் சந்தித்த சொல்லை, சந்தித்த வசனத்தோடேயே அட்டையில் எழுதுவேன். மூன்று மாதம்தான் என்றால் அந்த 570ஐ வசனத்தோடு அட்டையாக்கி, இரவில் இரண்டு பக்கமாவது வாசிக்கலாம். பரீட்சை அடுத்த மாதமென்றால் புதுச்சொல் தேடவேண்டாம். ஏற்கெனவே எழுதிப் பழகிய கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு சொல்லும் சரியான சொல்லோடு சேர்ந்திருக்கிறதா என்று ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியில் (learner's dictionary) பாருங்கள்.