வெற்றுப் பாயிண்டர் சோதனை: நிரலைத் திருத்துவதா, கம்பைலரைக் கட்டுப்படுத்துவதா?

பினாங்கின் பாயான் லெப்பாசில் லினக்ஸ் டிரைவர் (சாதனங்களை இயக்கும் நிரல்) எழுதும் நம் பொறியாளர்கள் தலைப்பில் உள்ள இவ்விரண்டு வழிகளையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். 2009இல் வெளிப்பட்ட டன் (TUN) எனும் மெய்நிகர் வலைப்பின்னல் டிரைவரின் பிழையில், பாயிண்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) வழியே மதிப்பை முதலில் எடுத்துவிட்டு, அந்தப் பாயிண்டர் வெற்றா (சுழிய முகவரியா) என்று பிறகே சோதித்திருந்தார்கள். ஏற்கெனவே பயன்படுத்திய பாயிண்டர் வெற்றாக இருக்காது என்று அனுமானித்த ஜிசிசி கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்), அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. சுழிய முகவரியில் பயனர் நிரல் நினைவகம் பெற முடிந்த கணினிகளில், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நின்றுபோவதற்குப் பதிலாகத் தாக்குபவரின் கைக்குப் போகும் நிலை வந்தது.

சோதனையை முன்னே நகர்த்துவது சரியான திருத்தமே, ஆனால் அந்த ஓரிடத்துக்கு மட்டும். கம்பைலரின் அனுமானத்தைத் தடுக்கும் அமைப்போ கெர்னல் முழுவதையும் காக்கிறது. அதற்காகச் சில தேவையற்ற சோதனைகளும் எஞ்சும். லினக்ஸ் இரண்டையும் ஏற்றது. நினைவகம் கிடைக்காதபோது கெர்னலில் நினைவகம் ஒதுக்கும் கேமல்லாக் செயற்கூறு வெற்றுப் பாயிண்டரையே திருப்பித் தருவதால், இத்தகைய சோதனை பல இடங்களில் தேவைப்படும்; எனவே நான் கம்பைலர் அமைப்பையே முதலில் வலியுறுத்துவேன்.