பூச்சியோட வந்த ஹீலியோஸ் 44-2, வாங்கலாமா?

ரெண்டு மாசம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹீலியோஸ் 44-2 வாங்குனேன், 58 எம்எம் எஃப் 2, அதான் அந்த பழைய சோவியத் கேமரா லென்ஸ். ஆன்லைன்ல வித்தவர் "மின்ட் கண்டிஷன், கிளாஸ் கிளியர்"னு போட்டிருந்தாரு. கிளாஸ் கிளியர்தான், உள்ள ஒரு ஆள் குடியிருக்கறத மட்டும் சொல்லாம விட்டுட்டாரு.

மொதல்ல எனக்கும் தெரியல, பகல்ல எடுத்த படமெல்லாம் சூப்பரா இருந்துச்சு. அப்புறம் பக்கத்து தெரு கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்டியிருந்தாங்க, எஃப் 2ல, அதாவது வெளிச்சம் போற துளைய முழுசா தொறந்து வச்சு, பின்னாடி லைட்டெல்லாம் உருண்டை உருண்டையா வர்ற மாதிரி எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஜூம் பண்ணி பாத்தா நடுவுல இருந்த உருண்டை எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே எடத்துல ஒரு கருப்பு புள்ளி, புள்ளிக்கு கால் வேற இருக்கு. லென்ஸுக்குள்ள இருக்கறது சாதாரண படத்துல தெரியாது, இந்த மாதிரி லைட் உருண்டையிலதான் அப்படியே நிழலா விழும்.

உடனே டார்ச். ரெண்டு மூடியையும் கழட்டிட்டு, ரூம்ல லைட்ட அணைச்சு, பின்பக்கத்துல இருந்து கொஞ்சம் சாய்வா மொபைல் டார்ச் அடிச்சு முன்னாடி வழியா பாருங்க. டார்ச் அடிச்சா எந்த லென்ஸ்லயும் தூசி நட்சத்திர மண்டலம் மாதிரி தெரியும், அதுக்கு பயந்துடாதீங்க. பூச்சி எந்தப் பக்கம் இருக்குன்னு கண்டுபிடிக்க அப்பர்ச்சர, அதான் பிளேட் வச்சு மூடித் தொறக்கற அந்த துளைய, மூடிப் பாருங்க, 44-2ல பிரீசெட் ரிங் இருக்கறதால கையாலயே மூடி தொறக்கலாம். முன்னாடியிருந்து பாக்கும்போது பிளேட் மூடுனதுக்கு அப்புறமும் பூச்சி தெரிஞ்சா அது முன்பக்கம், மறைஞ்சுட்டா பின்பக்கம். என்னோடது முன்பக்கம், மொத கிளாஸுக்கு பின்னாடி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கடுகுல பாதி கூட இருக்காது, காஞ்சு போய் மல்லாக்க, பக்கத்துலயே நூல் மாதிரி மெல்லிசா பூஞ்சை. பழைய புத்தகத்த தொறந்தா ஓடுமே புத்தகப்பேன், அந்த ஜாதிதான்னு நெனைக்கறேன். அதுங்களுக்கு பூஞ்சைதான் சாப்பாடு, ஈரப்பதம் இருக்கற எடம்னா கொண்டாட்டம். சென்னை மாதிரி கடலோர ஊர்ல பீரோக்குள்ள வச்ச லென்ஸுக்கு சாப்பாடும் இருக்கு தங்கற எடமும் இருக்கு.

ரிப்பேர் கடையில கேட்டா லென்ஸ் வெலையில பாதி சொன்னாங்க, சரி நாமளே பாத்துக்கலாம்னு எறங்கிட்டேன்.

இங்கதான் இந்த லென்ஸுக்கு நான் பெரிய மார்க் குடுப்பேன். ஜெர்மனிக்காரங்களோட கார்ல் ஸைஸ் கம்பெனி பண்ண பயோட்டார் லென்ஸ் டிசைன பாத்து பண்ணது, மொத்தமே 6 கிளாஸ், 4 குரூப்பா இருக்கு, மோட்டார் இல்ல ரிப்பன் கேபிள் இல்ல. முன்னாடி பேர் எழுதியிருக்கற ரிங்க சுத்தி எடுத்தா மொத கிளாஸ் கையோட வந்துடும். அந்த ரிங்க கழட்ட ரப்பர் டூல் வேணும், நான் ஆன்லைன்ல வாங்குன லென்ஸ் ஸ்பேனர் சுத்த வேஸ்ட், முனை மெல்லிசு, ஒரு அழுத்து அழுத்துனா வளையுது, வழுக்குச்சுன்னா நேரா கிளாஸ்ல கோடுதான். கடைசில 49 எம்எம் ஃபில்டர் போற எடத்துல நுழையற மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி தேடி, விளிம்புல சைக்கிள் டியூப வெட்டி ஒட்டி அழுத்தி சுத்துனேன், பொசுக்குனு வந்துடுச்சு. இதுல பாடு என்னன்னா தூசி பறக்கக்கூடாதுன்னு ஃபேன ஆஃப் பண்ணனும், வேர்வை கிளாஸ்ல சொட்டாம இருக்க நெத்தியில துண்டு கட்டிக்கிட்டு உக்காந்தேன், அம்மா பாத்துட்டு என்னடா ஆபரேஷனான்னு கேட்டாங்க.

பூச்சிய பாத்ததும் துணியால தொடைக்கத்தான் கை போகும், தயவுசெஞ்சு பண்ணாதீங்க. காஞ்ச ஓடும் காலும் கிளாஸ் மேல பூசியிருக்கற கோட்டிங்க கீறிடும். மொதல்ல ப்ளோவர்ல ஊதுனேன், அசையல. அப்புறம் 99 பர்சன்ட் ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல லென்ஸ் டிஷ்யூவ நனைச்சு அது மேல சும்மா வச்சேன், அழுத்தல, கொஞ்ச நேரம் ஊறவிட்டு தூக்குனா ஆளும் கூடவே வந்துட்டாரு. ஒரு கால் மட்டும் அங்கயே நின்னுச்சு, அதுக்கு இன்னொரு டிஷ்யூ. பூஞ்சையும் போயிடுச்சு ஆனா அது இருந்த எடத்துல கோட்டிங்க அரிச்ச தடம் மங்கலா இருக்கு, அது இனிமே போகாது. படத்துல தெரியல.

திருப்பி மாட்டும்போது ரெண்டு விஷயம். ரிங்க வச்சதும் மொதல்ல இடதுபக்கமா சுத்துங்க, டக்குனு ஒரு எடத்துல உக்காரும், அப்புறம் முறுக்குங்க, இல்லன்னா மரை கெட்டுடும். இன்னொன்னு, கிளாஸ் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு கழட்டறப்பவே போட்டோ எடுத்து வச்சுக்கங்க. நான் கிளாஸ பக்கம் மாத்தி மாட்டிட்டேன், நடுவுல மட்டும் ஷார்ப்பா சுத்தி எல்லாம் உருகுன மாதிரி வந்துச்சு. அந்த எஃபெக்ட்டுக்காக வேணும்னே பக்கம் மாத்தி மாட்டறவங்களும் இருக்காங்க, எனக்கு மறுபடியும் துண்டு கட்டற வேலை.

வாங்கலாமான்னா, ஒரு பூச்சி ரெண்டு பூச்சின்னா அத காட்டி வெலைய கொறைச்சு தாராளமா வாங்குங்க, பின்னாடி இருக்கறதெல்லாம் சுத்தி சுழல்ற மாதிரி இந்த லென்ஸ் தர்ற பேக்ரவுண்டுக்கு அவ்ளோ பாடு படலாம். பூஞ்சை வலை மாதிரி பரவியிருந்தா வேணாம். ஆட்டோஃபோகஸ் ஜூம்ல பூச்சின்னா வீட்ல தொறக்கவே தொறக்காதீங்க. எனக்கு லென்ஸ் 5க்கு 4, ஸ்பேனர் 1.

கூட வந்த லெதர் கேஸ் ஈரத்த புடிச்சு வச்சுக்கிட்டு ஒரே பூஞ்சை வாடை, குப்பையில போட்டுட்டேன். இப்ப ஏர்டைட் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ள ஒரு ஈரப்பத மீட்டர், 45 கிட்ட நிக்குது. ஃப்ரெண்டு ஒருத்தன் எதுக்குடா செலவு, அரிசி டப்பாவுல போட்டு வைன்னு சொல்றான். அரிசியில வண்டு வராம இருக்க எங்கம்மா காஞ்ச மொளகா போட்டு வைக்கறாங்க, அதுக்குள்ள கொண்டு போய் லென்ஸ வைக்கணுமாம்.